வாசலில் ஓர் எண்

அந்த இரவு

இரவு ஒரு மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவில் மின்சாரம் இல்லை.

31-ஆம் எண் வீட்டில் மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. கணவன் வெளியூரில் வேலையில் இருந்தான். வீட்டில் மாமியார் மட்டுமே துணை. அவர் 108-க்குப் போன் செய்தார்.

"கதவு எண் என்னம்மா?" என்று கேட்டார்கள்.

"முப்பத்தொண்ணு" என்று சரியாகச் சொன்னார். அவர் வாசிப்பு வட்டத்தில் படித்தவர். எண்கள் அவருக்கு நன்றாகத் தெரியும்.

வண்டி வந்துவிட்டது. தெருமுனையில் நின்றது. ஓட்டுநர் டார்ச் அடித்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். முதல் வீட்டில் எண் இல்லை. அடுத்த வீட்டில் எண் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்திருந்தது. மூன்றாவது வீட்டில் பந்தல் மறைத்தது.

ஓரிடத்தில் மங்கலாக 31 என்று தெரிந்தது. அந்தக் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர்கள் பயந்து எழுந்தார்கள். அது 19-ஆம் எண் வீடு. சுவரில் இருந்த 31, கணக்கெடுப்புக்காக 2010-ஆம் ஆண்டில் எழுதியது.

ஓட்டுநர் திரும்ப அழைத்துப் பார்த்தார். மாமியாரின் செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது.

வீட்டைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரி போகும் வழியில், வண்டியிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுவாரம் வாசிப்பு வட்டம் கூடியது. அந்த அம்மா எழுந்து பேசினார்.

"பிழைச்சுக்கிட்டாங்க, சந்தோஷம். ஆனா அந்த இருபது நிமிஷத்தை என்னால மறக்க முடியலை. எண் படிக்கக் கத்துக்கிட்டோம், எழுதக் கத்துக்கிட்டோம். நம்ம வாசல்ல மட்டும் எண் இல்லையே!"

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தையல்கார அக்கா கேட்டார்: "ஏன், நாமே எழுதினா என்ன?"

எண் யாருக்கு வேண்டும்?

"இத்தனை வருஷம் எண் இல்லாமலே இருந்துட்டோமே" என்று ஒரு பாட்டி சொன்னார். யோசித்துப் பார்ப்போம்.

தபால்காரருக்கு எண் வேண்டும். நாம் முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு எழுதுகிறோம். இந்த முறை 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. பின்கோடு, தபாலை நம் தபால் நிலையம் வரை கொண்டுவரும். அங்கிருந்து வாசலுக்குக் கொண்டுவருவது கதவு எண். பழைய தபால்காரருக்கு எல்லாரையும் தெரிந்திருக்கும். அவர் மாறிப்போனால்? வேலைக்கான கடிதம் அடுத்த தெருவில் கிடக்கும்.

சுகாதாரப் பணியாளருக்கும் எண் வேண்டும். போலியோ சொட்டு மருந்து கொடுக்க வருபவர்கள் சுவரில் சாக்பீஸால் குறி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தாகிவிட்டால் ஆங்கில 'பி' எழுத்து. மீண்டும் வர வேண்டிய வீடு என்றால் பெருக்கல் குறி. இப்படி வீடு வீடாகக் குறித்து, விட்டுப்போன வீட்டுக்குத் திரும்ப வந்தார்கள். 2014-ஆம் ஆண்டு மார்ச் 27-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. ஒரு வீட்டையும் விடாமல் எண்ணியதற்கும் அதில் பங்கு உண்டு.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மின்கணக்கு எடுப்பவர், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் என எல்லாரும் தேடுவது அந்த எண்ணைத்தான்.

எந்த எண்ணை எழுதுவது?

இது முக்கியமான கேள்வி. நமக்குப் பிடித்த எண்ணை எழுதக்கூடாது. கதவு எண்ணைக் கொடுப்பது ஊராட்சி அல்லது நகராட்சி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ளதுதான் கதவு எண். குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் அதே எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சில வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். சென்னையில் பல முகவரிகளில் இரண்டையும் எழுதுகிறார்கள். அப்படியானால் புதிய எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். பழைய எண்ணைக் கீழே சிறிதாக, 'பழைய எண்' என்று குறித்து எழுதுங்கள்.

கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் எழுதும் எண் வேறு. அது எண்ணும் வசதிக்காகப் போடுவது. அதைக் கதவு எண் என்று நினைக்கக்கூடாது. அந்த இரவில் நடந்த குழப்பம் அதுதானே?

நான்கு பெண்கள் பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள். 31-ஆம் எண் வீட்டு அம்மா, தையல்கார அக்கா, சித்தாள் வேலை செய்யும் அக்கா, பூக்கார அக்கா. முதலில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனார்கள். வரி ரசீதைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார்கள். மொத்தம் 48 வீடுகள்.

எதிர்ப்பும் இருந்தது. "எண் போட்டா வரியை ஏத்திடுவாங்க" என்று அந்தப் பாட்டி கதவைச் சாத்தினார். தையல்கார அக்கா பொறுமையாகச் சொன்னார்: "பாட்டி, உங்க வரி ரசீதுலயே எண் இருக்கு. ஆபீசுக்குத் தெரிஞ்ச எண்தான். ஆம்புலன்ஸ்காரருக்குத்தான் தெரியலை."

8-ஆம் எண் வீட்டுக்காரர் வேறு விதமாகப் பேசினார். "எட்டு ராசி இல்லம்மா. ஏழுன்னு போடுங்க."

"அண்ணே, அப்புறம் உங்க தபாலெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிடுமே" என்றார் பூக்கார அக்கா. அவர் சிரித்துவிட்டார். எட்டுக்கு ஒப்புக்கொண்டார்.

ஸ்டென்சில் என்றால் என்ன?

எல்லாரும் அழகாக எழுதுவார்களா? ஒருவர் கை நடுங்கும். ஒருவர் எழுத்து சாயும். 48 வீட்டிலும் ஒரே அளவில் எழுத ஒரு வழி உண்டு. அதுதான் ஸ்டென்சில்.

தகடு அல்லது அட்டையில் எண்ணின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதைச் சுவரில் வைத்து, வெட்டிய இடத்தில் பெயின்ட் ஒத்த வேண்டும். தகட்டை எடுத்தால் எண் மட்டும் சுவரில் நிற்கும். கோல அச்சு இதே வேலையைத்தான் செய்கிறது. ஓட்டை வழியே மாவு விழுகிறது, கோலம் பிறக்கிறது. கிடங்கில் மூட்டைகள்மேல் போடும் அடையாளத்தைப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் இப்படிப் போட்டதுதான்.

தகரத்தில் வெட்டினால் பல வருடம் உழைக்கும். ஆனால் வெட்டுவது கடினம். அட்டையில் வெட்டினால் சீக்கிரம் ஊறிப்போகும். இவர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைத் தேர்ந்தெடுத்தார்கள். அது வளையும், ஆனால் நனையாது. "அதுல கதிர் இருக்குமே?" என்று ஒருவர் பயந்தார். ஃபிலிமில் கதிர் தங்காது. ஆனால் இனிச் சிகிச்சைக்குத் தேவையில்லை என்று டாக்டர் சொன்ன ஃபிலிமை மட்டும் எடுங்கள்.

பூஜ்யம் விழுந்த கதை

தையல்கார அக்கா நாலு அங்குல உயரம், இரண்டரை அங்குல அகலத்தில் கட்டம் போட்டார். தினசரி காலண்டரைப் பார்த்து எண்களைத் தாளில் வரைந்தார். தாளை ஃபிலிம்மேல் ஒட்டினார். பலகைமேல் வைத்துப் பிளேடால் வெட்டினார். 1 நன்றாக வந்தது. 2, 3 நன்றாக வந்தன. அடுத்து 0 வெட்டினார். நடுவில் இருந்த துண்டு 'பொத்' என்று கீழே விழுந்தது. இருந்தது ஒரு பெரிய ஓட்டை மட்டும்!

"பூஜ்யம் போய் முட்டை ஆயிடுச்சே!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த தெரு பெயின்டர் அண்ணனிடம் கேட்டார்கள். அவர் சொன்னார்: "நடுத்துண்டைப் பிடிச்சு நிறுத்தப் பாலம் வேணும்மா."

மேலே ஒரு சிறு பட்டை, கீழே ஒரு சிறு பட்டை. கால் அங்குல அகலம் போதும். அந்த இரண்டையும் வெட்டாமல் விட வேண்டும். அவை நடுத்துண்டைத் தாங்கி நிற்கும். அதுதான் பாலம். ஸ்டென்சிலில் போட்ட எழுத்து ஆங்காங்கே விட்டுவிட்டு இருப்பது இதனால்தான்.

மூடிய இடம் உள்ள எண்களுக்குப் பாலம் வேண்டும். அவை 0, 4, 6, 8, 9. எட்டுக்கு இரண்டு மூடிய இடங்கள். எனவே இரண்டுக்கும் தனித்தனிப் பாலம். 1, 2, 3, 5, 7 ஆகியவற்றுக்குப் பாலம் தேவையில்லை.

தமிழ் எழுத்துக்கும் இதே கதைதான். ட, ப இரண்டுக்கும் பாலம் வேண்டாம். க, வ, ண போன்றவற்றுக்கு வேண்டும். உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். எத்தனை எழுத்துக்குப் பாலம் வேண்டும்?

எழுதும் முறை

தேவையான பொருள்கள்: வெட்டிய தகடுகள், வெள்ளை எனாமல் பெயின்ட், கறுப்பு எனாமல் பெயின்ட், பட்டை பிரஷ், சிறு ஸ்பாஞ்சுத் துண்டுகள், உப்புத்தாள், ஒட்டும் டேப், டர்பன்டைன், பழைய துணி, அளவுகோல், பென்சில்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கதவில் எழுத வேண்டாம். கதவு திறந்திருந்தால் எண் தெரியாது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கண் உயரத்தில் எழுதுங்கள். செடி, பந்தல், திரை மறைக்கக்கூடாது.

2. சுவரை உப்புத்தாளால் தேயுங்கள். உதிரும் சுண்ணாம்பு முழுவதும் போக வேண்டும். "சுண்ணாம்பு மேலயே அடிச்சா, பெயின்ட் அதோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும்" என்றார் சித்தாள் அக்கா. பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

3. 8 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் ஒரு பட்டை வரையுங்கள். சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். உள்ளே வெள்ளை அடியுங்கள். ஒரு நாள் காயவிடுங்கள்.

4. தகட்டை வெள்ளைப் பட்டைமேல் வைத்து டேப்பால் ஒட்டுங்கள். தகடு சுவரோடு படிந்திருக்க வேண்டும்.

5. ஸ்பாஞ்சில் கொஞ்சமாகக் கறுப்பைத் தொடுங்கள். பழைய துணியில் ஒருமுறை ஒற்றி எடுங்கள். பிறகு எண்மேல் ஒத்தி ஒத்தி எடுங்கள். இழுத்துத் தடவக்கூடாது. பெயின்ட் அதிகமானால் தகட்டுக்கு அடியில் கசிந்து, எண்ணுக்கு மீசை முளைக்கும்.

6. தகட்டை நேராக முன்னால் எடுங்கள். பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

7. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று படித்துப் பாருங்கள். மாலை மங்கலிலும் படித்துப் பாருங்கள். தெரிகிறதா? அப்படியானால் வேலை முடிந்தது.

கவனம்! உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசு குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்பது சட்டம். புதுப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் இதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்! வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

ஒரு சொல் செய்த உதவி

இவர்கள் முதலில் 9 தகடுகள்தான் வெட்டினார்கள். 6-ஐத் தலைகீழாகத் திருப்பினால் 9 ஆகிவிடும் அல்லவா? ஒரு தகடு மிச்சம் என்று மகிழ்ந்தார்கள்.

முதல் நாளே வினை வந்தது. 16-ஆம் எண் வீட்டில் அவசரத்தில் தகட்டைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். 19 என்று விழுந்தது. அந்த வீட்டுச் சிறுமிதான் கத்தினாள்: "அக்கா, நாங்க பதினாறு!" டர்பன்டைன் தொட்ட துணியால் ஈரம் காயும் முன் துடைத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் தெருவில் இரண்டு 19 இருந்திருக்கும். எண்ணே இல்லாததைவிடத் தப்பான எண் மோசம். அந்த இரவே அதற்குச் சாட்சி.

அடுத்த வீட்டில் 2-ஐப் பின்பக்கமாக வைத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழுந்தது.

அன்று மாலை 9-க்குத் தனித் தகடு வெட்டினார்கள். ஒவ்வொரு தகட்டின் மேல் ஓரத்திலும் 'மேல்' என்று எழுதினார்கள். வைக்கும் முன் அந்தச் சொல்லைப் படிக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் தகடு தலைகீழ். இடம் வலம் மாறியிருந்தால் தகடு பின்பக்கம். நேராகப் படிக்க முடிந்தால் ஒத்தலாம். ஒரே ஒரு சொல் இரண்டு தவறையும் தடுத்தது.

எண் இல்லாத வீடு

23-ஆம் எண் வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை இருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். அவர்களிடம் வரி ரசீது இல்லை. அதனால் எண்ணும் இல்லை.

"எங்களுக்கும் ஒண்ணு எழுதுங்கக்கா" என்றார் அந்தப் பெண்.

நான்கு பேரும் தயங்கினார்கள். 49 என்று எழுதிவிடலாமா? கூடாது. அது ஊராட்சிப் பதிவேட்டில் இல்லாத எண். நாளை 49 வேறு வீட்டுக்குப் போகலாம். எழுதாமல் போனால்? ஆம்புலன்ஸ் வரும் இரவு அவர்களுக்கும் வரலாமே.

இரண்டு வேலை செய்தார்கள். ஓர் அம்புக்குறி வெட்டினார்கள். 23-ஆம் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, சந்தின் முனையில் அம்புக்குறி போட்டு, 'எண் 23-இன் பின்புறம்' என்று எழுதினார்கள். பிறகு, அந்தப் பெண்ணே தன் கையால் ஒரு மனு எழுதினார். வாசிப்பு வட்டத்தில் மற்றவர்கள் உதவினார்கள்.

"ஐயா, வணக்கம். நாங்கள் எண் 23-இன் பின்புறம் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்குக் கதவு எண் இல்லை. தபாலும் அவசர வண்டியும் வந்து சேரவில்லை. எங்கள் வீட்டைப் பார்வையிட்டுக் கதவு எண் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

ஆகஸ்ட் 15 கிராமசபையில் அதைப் படித்தார். குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வரி வரை படித்து முடித்தார். மனுவைப் பதிவு செய்துகொண்டார்கள். எண் இன்னும் வரவில்லை. மனுவின் நகலும் அவர்கள் கொடுத்த ரசீதும் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேட்கப் போகிறார்.

வரவு செலவு

விலை ஊருக்கு ஊர் மாறும். இவர்கள் நோட்டில் எழுதிய கணக்கைப் பார்ப்போம்.

வெள்ளைப் பெயின்ட் – 200 ரூபாய்
கறுப்புப் பெயின்ட் – 100 ரூபாய்
பிரஷ், ஸ்பாஞ்சு, டேப் – 60 ரூபாய்
உப்புத்தாள், டர்பன்டைன் – 40 ரூபாய்
மொத்தச் செலவு – 400 ரூபாய்

வீட்டுக்கு 20 ரூபாய் கேட்டார்கள். 40 வீட்டார் கொடுத்தார்கள். வரவு 800 ரூபாய். 8 வீட்டாரால் கொடுக்க முடியவில்லை. அவர்களுக்கும் எழுதினார்கள். செலவு போக மீதி 400 ரூபாய். நான்கு பேர், இரண்டு நாள் வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய்தான்.

"இது கூலியே இல்லையே" என்றார் சித்தாள் அக்கா.

"இது நம்ம தெரு. கூலிக்குச் செய்யலை. அடுத்த தெருவுல கேப்போம்" என்றார் தையல்கார அக்கா.

அடுத்த தெருவில் 24 வீடுகள். தகடும் பிரஷும் ஏற்கெனவே இருந்தன. செலவு 160 ரூபாய். வீட்டுக்கு 40 ரூபாய் வாங்கினார்கள். வரவு 960 ரூபாய். மீதி 800 ரூபாய். ஒரு நாள் வேலைக்கு ஆளுக்கு 200 ரூபாய்.

ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். தொகையை முதலிலேயே சொல்ல வேண்டும். சம்மதம் கேட்காமல் யார் சுவரிலும் எழுதக்கூடாது. எழுதிவிட்டுப் பிறகு காசு கேட்பது நேர்மை இல்லை.

பூவும் போடலாம்

"எண் மட்டும் தனியா நிக்குதே. ஓரத்துல ஒரு பூ போடலாமா?" என்று பூக்கார அக்கா கேட்டார். மல்லிகை மொட்டு ஒன்று வெட்டினார். இதழ்களுக்கு இடையே பாலம் விட்டார். கேட்ட வீடுகளுக்கு எண்ணின் கீழே போட்டுக் கொடுத்தார்.

வடக்கே மதுராவிலும் பிருந்தாவனத்திலும் 'சாஞ்ஜி' என்று ஒரு கலை உண்டு. தாளில் மயில், மரம், மாடு, கண்ணன் கதை எல்லாம் நுணுக்கமாக வெட்டுவார்கள். அதைத் தரையில் வைத்து வண்ணப் பொடி தூவுவார்கள். தாளை எடுத்தால் ஓவியம் இருக்கும். பாலம் விடும் வித்தை அவர்களுக்கும் உயிர்நாடி.

அமெரிக்காவில் பல நகரங்களில் வீட்டு எண்ணைத் தெருவோரக் கல்லில் எழுதுகிறார்கள். வெள்ளைப் பட்டை, கறுப்பு எண். அதுவும் ஸ்டென்சில் வேலைதான். சிலர் பக்கத்தில் படமும் போட்டுக்கொள்கிறார்கள். நம் தெருக்களில் ஓரக்கல் மண்ணிலும் சாக்கடை நீரிலும் மறைந்துவிடும். நமக்குச் சுவரே நல்லது. சாலை ஓரக்கல் பொதுச் சொத்து. அனுமதி இல்லாமல் அதில் எழுதக்கூடாது.

இப்போது அந்தத் தெருவில் யார் நுழைந்தாலும் எண்கள் வரிசையாகத் தெரிகின்றன. 31-ஆம் எண் வாசலில் ஒரு குழந்தை தவழ்கிறது. பாட்டி அதைத் தூக்கி, சுவரில் உள்ள எண்ணைத் தொட்டுக் காட்டுகிறார். "மூணு... ஒண்ணு..." குழந்தைக்குப் புரியவில்லை. பாட்டி தினமும் சொல்லிக்கொடுக்கிறார்.

யோசித்து விடை சொல்லுங்கள்

1. உங்கள் வீட்டுக் கதவு எண் என்ன? வாசலில் தெரிகிறதா?
2. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் 19-ஆம் எண் வீட்டுக் கதவை ஏன் தட்டினார்?
3. குடிசைக்கு 49 என்று எழுதாதது சரியா? உங்கள் கருத்து என்ன?

கணக்குப் போடுங்கள்

1. 1 முதல் 48 வரை எழுத எத்தனை முறை தகடு வைக்க வேண்டும்? (ஒற்றை இலக்கம் 9, இரட்டை இலக்கம் 39.)
2. அதில் '1' தகடு எத்தனை முறை வரும்?
3. வெள்ளைப் பட்டையின் அகலம் 8 அங்குலம். ஓர் எண்ணின் அகலம் இரண்டரை அங்குலம். இரண்டு எண்களுக்கு நடுவே அரை அங்குலம் விட வேண்டும். இரு பக்கமும் எவ்வளவு இடம் மிஞ்சும்?

விடை: 1) 9 + 78 = 87 முறை. 2) 15 முறை. 3) பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம்.

செய்து பாருங்கள்

பழைய அட்டையில் உங்கள் வீட்டு எண்ணை வெட்டுங்கள். பாலம் விட மறக்காதீர்கள். 'மேல்' என்று எழுதுங்கள். முதலில் செய்தித்தாளில் ஒத்திப் பாருங்கள். நன்றாக வந்தால், உங்கள் தெருவில் எத்தனை வாசலில் எண் இல்லை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.